சங்கு ஊதிய ஊர்: மதுரைப் பஞ்சாலைக் கட்டடங்களைத் தேடி

வெள்ளி: தண்டவாளத்துக்கு மேற்கே

மதுரை ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கு வாசலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். கோயில், கடைவீதி, லாட்ஜ், பெரியார் பஸ் நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். நான் மேற்கே போனேன். கரிமேடு, பொன்னகரம், ஆரப்பாளையம் என்று விரியும் இந்தப் பக்கம் ஆலைக்காரர்களின் மதுரை. எனக்குக் கட்டட வேலை. பழைய பஞ்சாலை, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஃபேக்டரி, குடோன் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுவேன். இயந்திரம் நின்ற பிறகு அந்தக் கட்டடங்கள் யார் கைக்குப் போகின்றன, என்னவாக மாறுகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணமும்.

எல்லாம் ஆரம்பிப்பது 'ஆர்வி மில்'லில். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் முதல் ஆலையைத் தொடங்கினார்கள். அப்புறம் தூத்துக்குடியில் கோரல் மில். மதுரை ஆலை ஓடத் தொடங்கியது 1892இல். ஏன் இந்த மூன்று ஊர்? பாபநாசத்தில் தாமிரபரணி அருவியாக இறங்குகிறது, அந்த நீரின் வேகமே இயந்திரத்தைச் சுற்றிவிடும். தூத்துக்குடியில் துறைமுகம். மதுரையில் வைகையை நம்பி ஒரு சக்கரம்கூட ஓட்ட முடியாது, ஆனால் ரயில் இருந்தது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குத் தண்டவாளம் வந்தது, அடுத்த ஆண்டே அது தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது. திருமங்கலம், விருதுநகர், கோவில்பட்டி என்று கரிசல் காடு முழுக்க அந்தப் பாதையின் இரண்டு பக்கமும்தான் கிடக்கிறது. பருத்தி வண்டியில் ஏறினால் ஆலை வாசலில் இறங்கும். நீராவி எஞ்சினுக்கு வேண்டிய நிலக்கரியும் அதே பாதையில் வரும். ஆலை ஸ்டேஷனை ஒட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1974இல் இந்த ஆலை நிறுவனம் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஊர்க்காரர்களுக்கு இன்றும் ஆர்வி மில்தான். புது ஜெயில் ரோட்டில் மதில் ஓரமாகவே நடந்தேன். உள்ளே போக நான் கேட்கவில்லை, வேலை நடக்கிற இடத்தில் வேடிக்கை பார்க்கப் போவது முறையும் இல்லை.

பொன்னகரம் டீக்கடையில் ஒரு பெரியவர் வாய்த்தார். ஸ்பின்னிங்கில் சைடராக இருந்தவர். மில்லைப் பார்க்க வந்தேன் என்றதும் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"எதுல இருந்து சொல்றது தம்பி? பேல் ஒடைக்கிறதுல இருந்தா?"

"அதுல இருந்தே சொல்லுங்க ஐயா."

டம்ளரை நகர்த்தி வைத்து மேசையிலேயே விரலால் ஆலையை வரைந்தார். இங்கே புளோ ரூம், பேலை, அதாவது அமுக்கிக் கட்டிய பஞ்சு மூட்டையைப் பிரித்துத் தூசி தட்டுகிற இடம். அடுத்து கார்டிங், பஞ்சைச் சீவி மெல்லிய வலையாக்கித் திரியாகத் திரட்டுவது. அதற்கடுத்து டிராயிங், சிம்ப்ளக்ஸ், திரியை இழுத்து இழுத்து மெலிதாக்குவது. கடைசியில் ஸ்பின்னிங், வரிசை வரிசையாக நூல் சுற்றும் கதிர்கள். நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அதுதான் சைடர் வேலை.

"ஜன்னலத் தெறக்க விடமாட்டாங்க. காத்து காஞ்சா நூலு அறுந்துரும். மேல இருந்து தண்ணியப் பொகையா அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. வெளிய வெயிலு, உள்ள புழுக்கம். சட்டை காஞ்ச நாளே கெடையாது."

எனக்குக் கட்டடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்த வார்த்தைகள் இவை. பழைய ஆலைச் சுவரில் ஜன்னல்கள் ஏன் அத்தனை உயரத்தில் இருக்கின்றன, பல ஏன் திறக்கவே முடியாதபடி சட்டத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன என்பது பருத்தி இழையின் குணத்தில் போய் முடிகிறது. ஈரப்பதம் போனால் இழை அறும். அதற்காக மனிதன் வேக வேண்டியிருந்தது.

"மில் சங்கு?" என்று கேட்டேன்.

"சங்குச் சத்தத்தக் கேட்டுத்தான் இந்த ஏரியாவே உலை வைக்கும்" என்றார்.

இந்தத் தெருக்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த அலை மதுரைக்கு வந்தது. 1918இல் மதுரையில் பேசியதற்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு கைதானார், அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. ஆலைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அதே சமயத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தும் அவர்தான் நின்றார். 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி பிரமலைக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொன்றாக அந்தச் சட்டத்தின் கீழ் வந்தன. கைரேகை பதிய வேண்டும், இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரை விட்டு நகரச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. ஜோசப்பை அந்த மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். துரை என்ற சொல்லை அவர்கள் மனம் ஒப்பிச் சொன்னது அவர் ஒருவருக்காகத்தான் இருக்கும்.

ஆலைக் கட்டடம் என்றால் எனக்கு இதெல்லாம் சேர்த்துத்தான். செங்கல்லை மட்டும் காப்பாற்றி இந்தக் கதையை விட்டுவிட்டால் பாதிதான் காப்பாற்றியதாக ஆகும்.

சனி: பைக்காரா, பசுமலை, ஹார்விபட்டி

திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறினால் வழியில் பைக்காரா என்று ஒரு ஸ்டாப். நீலகிரிப் பெயர் இங்கே ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930களில் கம்பி வழியாக மதுரைக்கு வந்தபோது, அதை வாங்கிப் பிரித்துக் கொடுத்த துணைமின் நிலையம் இங்கே அமைந்தது. ஏரியாவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆலைக் கட்டடக் கலையில் இந்த மின்சாரம் பெரிய திருப்பம். நீராவிக் காலத்தில் ஒரே எஞ்சின்தான் எல்லா இயந்திரத்தையும் ஓட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து கயிறும் பெல்ட்டும் போட்டு ஒவ்வொரு மாடிக்கும் தண்டு சுழலும். தூரம் கூடக் கூட சக்தி வீணாகும், அதனால் கட்டடத்தை அகலமாகப் பரப்பாமல் மாடி மேல் மாடியாக அடுக்கினார்கள். இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஒரே தளத்தில் ஏக்கர் கணக்கில் கூரை போடலாம். மதுரையைச் சுற்றி நாம் பார்க்கும், ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கும் அகலமான ரம்பப் பல் கூரைக் கூடங்களுக்கு இப்படித்தான் வழி திறந்தது.

பசுமலை மேல் ஏறினேன். ஹார்வி கம்பெனித் துரைமார் குடியிருந்த பங்களா இப்போது நட்சத்திர ஹோட்டல். காப்பி குடிக்க அனுமதி உண்டு, விலையும் உண்டு. உயரமான விதானம், நாலு பக்கமும் வராந்தா, மலைச் சரிவு முழுக்க மரம். கட்டடத்தைக் கெடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். வராந்தாவில் நின்றால் மதுரை மொத்தமும் கீழே தெரிகிறது. ஆலை நகரத்தின் நடுவே புழுக்கத்தில், அதன் எஜமானர் இங்கே காற்றில். எந்த வரலாற்றுப் பலகையும் சொல்லாததை அந்த இடமே சொல்லிவிடுகிறது.

மலையிறங்கி ஹார்விபட்டி. திருப்பரங்குன்றத்துக்கும் திருநகருக்கும் பக்கத்தில், ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி அமைத்த குடியிருப்பு. முன்பு தனிப் பேரூராட்சி, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. தெருக்கள் நேர்கோட்டில், வீட்டைச் சுற்றி இடம் விட்டு, மரம் விட்டு அமைத்திருக்கிறார்கள். பழைய ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டி மூன்று மாடி எழுப்பிய வீடு ஒன்று என்று மாறி மாறி வருகிறது. ஒரு வீட்டில் முன்பக்க ஓட்டுத் தாழ்வாரத்தை அப்படியே விட்டு, பின்னால் மட்டும் கான்கிரீட் போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற அம்மாவிடம் காரணம் கேட்டேன்.

"அப்பா சாயங்காலம் மில்லு விட்டு வந்து இதுலதான் உக்காருவாரு. இடிக்க மனசு வரல. வெயிலுக்கும் இதுதான் நல்லா இருக்கு."

இதைவிட நல்ல மறுபயன்பாட்டை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. எதை வைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு: கோச்சடையும் ஒரு மூடிய மில்லும்

காலையில் மேலக்கால் ரோட்டில் கோச்சடை. முத்தையா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஹோட்டல், இது முன்பு ஆலை அதிகாரிகளின் கிளப். 1970களில் இதை வடிவமைத்தவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. பாவாவின் வேலையைப் பார்க்க ஆட்கள் கொழும்புக்கும் பெந்தோட்டைக்கும் போகிறார்கள், மதுரையில் ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாழ்ந்த ஓட்டுக் கூரை, கருங்கல் சுவர், உள்ளே எது வெளியே எது என்று பிரிக்க முடியாதபடி திறந்த கூடங்கள், பிரம்மாண்டமான ஆலமரம். மரத்துக்கு வழிவிட்டுக் கட்டடம் ஒதுங்கி நிற்கிறது. கட்டடம் கட்டுகிற பிள்ளைகள் இங்கே வந்து ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஏசி இல்லாத கூடம் எப்படிக் குளிர்கிறது என்று.

மதியம், திருமங்கலம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மூடிய நூற்பாலை. பெயர் வேண்டாம். ஒரு பகுதியை உர மூட்டை அடுக்கும் குடோனாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், மீதி பூட்டிக் கிடக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் போனில் கேட்டு அனுமதி வாங்கித் திறந்துவிட்டார்.

உள்ளே போனதும் சில நிமிஷம் பேசாமல் நின்றேன். அவ்வளவு பெரிய கூடம். இயந்திரங்கள் போய்விட்டன, தரையில் அவற்றின் போல்ட்டுத் தடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. தலைக்கு மேலே ரம்பப் பல் கூரை. ஒவ்வொரு பல்லின் செங்குத்துப் பக்கமும் கண்ணாடி, எல்லாம் வடக்குப் பார்த்து.

இந்தக் கூரை பிறந்தது இங்கிலாந்து ஆலைப் பகுதிகளில். லங்காஷயரில் எந்த மாதத்திலும் நடுப்பகல் சூரியன் தெற்கேதான் இருக்கும். வடக்கே கண்ணாடி வைத்தால் வெயில் படாத, நிழல் விழாத, சீரான வெளிச்சம் வரும். அறுந்த இழையைக் கண்ணால் பிடிக்க அதுதான் வேண்டும். மதுரை இருப்பதோ வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில். சித்திரை பிறந்த சில நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுகிறது, அதன்பின் ஆவணி பாதி வரை நடுப்பகலில் வடக்கேதான் நிற்கிறது. ஆக, எந்த மாதங்களில் வெயில் வேண்டாமோ அந்த மாதங்களில்தான் வடக்குக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே இறங்கும். நான் போனது வைகாசி. கண்ணாடிக்குக் கீழே தரையில் மெல்லிய கோடாக வெயில் விழுந்திருந்தது. காலையிலும் மாலையிலும் இன்னும் சாய்வாக உள்ளே வரும் என்றார் வாட்ச்மேன். அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிகளில் சுண்ணாம்பு அடித்த தடம். இங்கிலாந்துக் கூரையை இந்த வெயிலுக்குப் பழக்க யாரோ ஒரு மேஸ்திரி கண்ட வழி அது.

தூண்களைத் தட்டிப் பார்த்தேன். வார்ப்பிரும்பு, உள்ளே குழல். இப்படிப்பட்ட கூடங்களில் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விழும் மழைநீர், தூணுக்குள்ளேயே இறங்கித் தரைக்கடியில் ஓடும்படி வைப்பார்கள். அருமையான யோசனை. ஆனால் ஆலை மூடி, கூரை ஏறிச் சருகு அள்ள ஆள் இல்லாமல் போனால் வேப்பிலை போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தூணுக்குள் நிற்கும், உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும். இங்கே ஒரு தூணின் அடியில் பழுப்பு நீர் கசிந்த கறை இருந்தது. பழைய ஆலையை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையையும் அடியையும் தாங்காது. பரண் போடுகிறோம் என்று அதில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும்.

குடோனாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. மூட்டை அடுக்குகிறவர் கூரை ஒழுகவிட மாட்டார். குடோன் வாடகைதான் பல ஆலைகளை இன்றுவரை நிற்க வைத்திருக்கிறது. பூட்டிய பகுதிதான் கவலை. இதை மனை போட்டு விற்கப் பேச்சு நடக்கிறதாம்.

இந்த மூன்று நாளில் பார்த்ததைச் சேர்த்து யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. எஜமானர்கள் தூங்கிய பங்களா நிற்கிறது. அதிகாரிகள் பொழுதுபோக்கிய கிளப் நிற்கிறது. இரண்டையும் அழகாக வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கானவர்கள் உழைத்த கூடத்துக்கு மட்டும் சர்வே கல்தான் வழி என்று முடிவு செய்கிறோம். அழகில்லை என்று சொல்வார்கள். அந்தக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கனத்த இயந்திரங்கள் அதிர அதிர ஓடியதைத் தாங்கிய தரை, நூலகத்தின் புத்தக அடுக்கைத் தாங்காதா? சந்தை, பயிற்சிக் கூடம், விளையாட்டு அரங்கம் எதற்கும் நடுவே சுவர் இல்லாத இடம் வேண்டும். அது இங்கே கட்டித் தயாராக இருக்கிறது.

பழைய இடத்தில் புதிய வேலை பார்ப்பது மதுரைக்குப் பழக்கமானதுதான். திருமலை நாயக்கர் மகால் 1970 வரை கோர்ட்டாக இருந்தது. இடிந்து கிடந்ததை நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது செப்பனிட்டதால்தான் இன்று நமக்கு அந்தத் தூண்கள் மிஞ்சின. புது மண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மெஷின் மிதித்தார்கள். அவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனது சமீபத்தில்தான். அரண்மனைக்கும் மண்டபத்துக்கும் பொருந்தியது ஆலைக்குப் பொருந்தாமல் போகாது.

இரவு கீழவாசல் பக்கம் ஒரு வண்டியில் பருத்திப்பால் குடித்தேன். சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாக இருந்தது.

திங்கள்: ஜின்னிங் ஃபேக்டரியில் கல்யாணம்

திருமங்கலம் தாண்டி, கரிசல் தொடங்கும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். வெளியே பூக்கோலம், வளைவு, சீரியல் பல்பு. முன்பு பருத்தி அரைத்த ஜின்னிங் ஃபேக்டரி என்று நண்பர் சொல்லித்தான் தெரியும். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓய்ந்த நேரத்தில் போனேன். மண்டபத்துக்காரர் அறுபது வயதுக்காரர், அவருடைய அப்பா ஓட்டிய ஃபேக்டரி.

"சாப்பிட்டீங்களா தம்பி? மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசுவம்."

சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினோம். சாப்பாட்டுக் கூடம்தான் ஜின் ஓடிய இடமாம். தோல் சுற்றிய உருளை பஞ்சை இழுத்துக்கொண்டு போக, கத்தி கொட்டையைத் தட்டிவிடும். உள்ளே வந்த பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சாக ஆலைக்குப் போகும், மற்றது கொட்டையாக மாட்டுக்கும் எண்ணெய்க்கும் போய்விடும். பேல் அமுக்கும் பிரஸ்ஸுக்காகத் தோண்டிய குழி மணமேடைக்குக் கீழே இருக்கிறது, மூடித் தளம் போட்டுவிட்டார். பருத்தி காயவைத்த களம் இன்றைக்குக் கார் நிறுத்தும் இடம். இரண்டு கூடத்துக்கும் நடுவே சுவர் ஏன் கூரையையும் தாண்டி உயர்ந்திருக்கிறது என்று கேட்டேன்.

"தீ அண்ணாச்சிக்குப் பயந்துதான்" என்று சிரித்தார். பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் போதும். ஒரு கூடம் எரிந்தாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்று தாத்தா காலத்தில் எழுப்பிய தீச்சுவர். இப்போது சமையல் கட்டுக்கும் பந்திக்கும் நடுவே அதே சுவர் நிற்கிறது, அதே வேலையைப் பார்க்கிறது.

ஒரே குறை, சாப்பாட்டுக் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டுப் பழைய கூரையை மறைத்துவிட்டார். ஏணி வைத்து ஒரு பலகையை விலக்கிப் பார்த்தோம். மேலே தேக்குச் சட்டங்கள், மங்களூர் ஓடு, முகட்டில் சூடான காற்று வெளியேற விட்ட இடைவெளி நீளத்துக்கும். சட்டங்களில் கரையான் இல்லை, விட்டம் சுவரில் உட்காரும் முனைகளும் உலர்ந்து கெட்டியாக இருந்தன. கீழே நாலு ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பலகையப் பிரிச்சுட்டீங்கன்னா சூடு மேல ஏறி முகட்டு வழியாப் போயிரும். மணமேடைக் கூடத்துக்கு மட்டும் ஏசி போதும். கூரையும் எல்லாருக்கும் தெரியும்."

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா அந்தச் சட்டங்களுக்கு வருஷா வருஷம் எண்ணெய் பூசச் சொல்வாராம். ஓடு மாற்ற எவ்வளவு ஆகும், பறவை வராமல் வலை கட்டலாமா, மழைச் சாரல் அடிக்குமா என்று வரிசையாகக் கேட்டார். முகட்டு இடைவெளியை அளந்து, வலையின் கண் அளவு, சாரல் தடுக்கும் தகடு எல்லாம் ஒரு பந்தி இலையின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். கல்யாணத் தேதிகளைக் காலண்டரில் புரட்டினார். ஆனியில் முகூர்த்தம் நிறைய இருக்கிறது, ஆடியில் ஒன்றும் கிடையாது.

"சரி தம்பி, ஆடி ஒண்ணாந்தேதி பிரிச்சிருவோம். நீங்களும் வந்து நிக்கணும்" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.